சத்திரம் மூடிய பின் நிற்கும் கற்கள்

தமிழகத்தின் பழைய பெருவழிகளில் வழிநடைப் பயணிகளின் இளைப்பாறலுக்கென்று எழுப்பப்பட்ட சத்திரம், குளம், தோப்பு, சுமைதாங்கி, தூரக்கல் ஆகிய அனைத்தும் மனிதரும் மாட்டுவண்டியும் ஒரு நாளில் கடக்கக்கூடிய தொலைவைக் கணக்கில் கொண்டு ஒன்றோடொன்று பொருத்தி அமைக்கப்பட்டவை என்பதால், அவற்றுள் இன்று எது எஞ்சியிருப்பினும் அது நிற்கும் இடத்தோடு சேர்த்தே அதை வாசிக்க வேண்டும். சென்ற இதழில் தஞ்சை மராட்டியர் காலச் சத்திரங்களைக் கண்ட இத்தொடர், இப்போது ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்துக்கு வருகிறது.

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே சுங்குவார்சத்திரமும், காஞ்சிபுரத்துக்கும் அப்பால் பாலுசெட்டிசத்திரமும் இருக்கின்றன. ஊர்ப்பெயரே அங்கொரு தங்குமிடம் இருந்ததற்குச் சான்றாகி நிற்க, இன்று அந்தப் பெயரைச் சொல்லிப் பேருந்தில் சீட்டு வாங்குவோருள் பெரும்பாலோர் சத்திரத்தைத் தேடி வருபவர் அல்லர். சத்திரம் என்பது கட்டடம் மட்டுமன்று. அதன் சமையலுக்கும் பராமரிப்புக்கும் வருவாய் தரும் மானிய நிலமும் சேர்ந்ததே சத்திரம். அந்த அறம் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை என்பதையும், பல சத்திரங்களில் சாதி பார்த்தே இலை போடப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை அடுத்த வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டபோது, அது திருவள்ளூர், அரக்கோணம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கு வடக்கே விலகிச் சென்றது. இருப்புப்பாதை பரவப் பரவ நெடுந்தொலைவுப் பயணிகள் வண்டிப்பாதையைக் கைவிட, வழிச் சத்திரங்கள் தேவையற்றுப் போயின.

சத்திரத்தை விட நீண்ட ஆயுள் சுமைதாங்கிக்கு வாய்த்தது. நிலத்தில் ஊன்றிய இரண்டு கற்களின் மேல் ஒரு பலகைக்கல்லைக் கிடத்தி, நிற்கும் ஆளின் தோளுயரத்துக்கு அமைக்கப்படும் இந்த மேடை, தலைச்சுமையோடு தனியே நடப்பவரின் இக்கட்டை மிக நுட்பமாக அறிந்து செய்யப்பட்டதாகும். ஏனெனில் கனத்த மூட்டையை இன்னொருவர் கைகொடுக்காமல் தரையில் இறக்கினால், அதை மீண்டும் தலைக்கு ஏற்றவும் இன்னொருவர் வேண்டும். சுமைதாங்கி இருக்குமானால் முழங்காலைச் சற்று மடக்கி மூட்டையைப் பலகைக்கல்லில் நகர்த்தி வைத்துவிட்டு, இளைப்பாறிய பின் அவ்வாறே தலையில் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைப்பேறு காணாமல் வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இக்கல்லை நாட்டுவது தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் வழக்கமாக இருந்தது. சில கற்களில் அவள் பெயரும், நாட்டியவர் பெயரும், ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். அரசர் வரலாற்றில் இடம்பெறாத எத்தனையோ பெண்களுக்கு எழுத்தில் எஞ்சிய ஒரே சான்று இதுதான் என்பதால், இந்தக் கற்களை வெறும் கட்டுமானக் கழிவாகக் கருதுவது பெருந்தவறு.

தூரக்கல்லின் செய்தியோ முழுக்க முழுக்க இடத்தைச் சார்ந்தது. தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்லொன்று, அதியமான் பெருவழியில் நாவற்றாவளம் என்னும் ஊர் அங்கிருந்து 29 காதத் தொலைவில் இருப்பதைத் தெரிவிக்கிறது. தாவளம் என்பது வணிகர் தங்கிச் செல்லும் இடம், காதம் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் சற்றே மாறுபட்ட பழைய நீட்டலளவை. எழுத்தோடு நில்லாமல், பத்துகளுக்கு இரண்டு பெரிய குழிகளும் ஒன்றுகளுக்கு ஒன்பது சிறிய குழிகளும் செதுக்கப்பட்டிருப்பதால், படிக்கத் தெரியாதவரும் இருட்டில் வந்தவரும் கல்லைத் தடவியே தொலைவை அறிந்திருக்க முடியும். இப்படிப்பட்ட கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சென்றால் எழுத்து பிழைக்கும். ஆனால் அது எந்த இடத்திலிருந்து 29 காதம் என்பதை முன்பே குறித்து வைக்காவிடில், அளவை நூலின் ஒரு முனை அறுந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நிலம் இன்று விரைந்து மாறிவருகிறது. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022இல் நடத்திய அகழாய்வு, கற்கருவிகளையும் ரோமானிய மதுக்குடங்களான ஆம்போராக்களின் துண்டுகளையும் வெளிக்கொணர்ந்து, வாகனத் தொழிற்சாலைகளின் பக்கத்திலேயே எவ்வளவு பழைய வாழ்க்கை புதைந்திருக்கிறது என்பதைக் காட்டியது. நடுவண் அரசின் 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டமும் தமிழக அரசின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் முதன்மையாக அறிவிக்கை செய்யப்பட்ட சின்னங்களையே காக்கின்றன. சாலையோரத்துச் சுமைதாங்கியோ பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. தார் மேல் தார் போட்டு சாலை உயர உயரத் தோளுயரக் கல் முழங்காலுயரமாகிறது. பின்னர் சாலையை அகலப்படுத்தும்போது மண் அள்ளும் இயந்திரத்துக்கு அது வெறுங்கல்லாகவே தெரிகிறது.

இளைப்பாறலுக்கான தேவை மட்டும் இந்த வட்டாரத்தில் குறையவில்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பை சிப்காட் நிறுவனம் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்ததே அதற்குப் போதிய சான்று. பழைய தங்கலின் தடங்களைக் காக்கப் பெரும் செலவும் ஆகாது. அகலப்படுத்தும் பணி தொடங்கும் முன்னரே, சாலையின் இருபுறமும் நடந்து ஒவ்வொரு கல்லின் இருப்பிடத்தையும், எழுத்து எத்திசை நோக்கியிருக்கிறது என்பதையும், தரைமட்டத்திலிருந்து அதன் உயரத்தையும் குறித்து, எழுத்தின் மேல் ஈரத்தாளை ஒற்றி மை தடவி எடுக்கும் மைப்படியையும் எடுத்துவிட வேண்டும். கல்லை நகர்த்தியே தீர வேண்டுமென்றால், அதே சாலையின் அதே ஓரத்தில், பழைய இடத்துக்கு மிக அருகில் நாட்ட வேண்டும். இதை ஒப்பந்தப் பணிகளின் பட்டியலில் முதல் வரியாகச் சேர்க்கும் பொறுப்பு நெடுஞ்சாலைத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் பொதுவானது.