எல்லைப்புற மாணவரும் மருத்துவக் கல்லூரியும்

சித்தூர், நகரி, குப்பம், சத்தியவேடு ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. நன்கு படிக்கும் பிள்ளையோ பெண்ணோ வீட்டில் இருந்தால், டாக்டராக்கிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை பெற்றோருக்கு எழுவது இயற்கை. அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்பது மதிப்பெண் ஒன்றே என்று நாம் எண்ணிவிடுகிறோம். இரு மாநிலங்களுக்கு நடுவே செல்லும் எல்லைக் கோடும் குறுக்கே நிற்பதுண்டு.

அமெரிக்காவில் மருத்துவம் பயில விரும்புவோர் பெரும்பாலும் நான்காண்டுப் பட்டப் படிப்பை முடித்த பின்னரே விண்ணப்பம் செய்கின்றனர். நுழைவுத் தேர்வோடு, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், தம்மைப் பற்றித் தாமே எழுதும் கட்டுரை, மருத்துவமனையில் ஆற்றிய தொண்டு, நேர்முகம் ஆகிய அனைத்தும் அங்கே சீர்தூக்கப்படுகின்றன. நம் நாட்டு எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் இவற்றுக்கு இடமில்லை. நீட் தேர்வின் தரவரிசையும், அந்த வரிசையில் எந்தப் பிரிவில் நிற்க உரிமை உண்டு என்பதைக் காட்டும் சான்றிதழ்களுமே இங்கு விண்ணப்பத்தின் வலிமை. முன்னதைப் பற்றி ஊரெங்கும் பேச்சு. பின்னதைப் பற்றியோ, கலந்தாய்வு நெருங்கிய பிறகே பலர் விசாரிக்கத் தொடங்குகின்றனர்.

திருப்பதியில் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அரசுக் கல்லூரியாதலால் அதன் இடங்களில் நூற்றுக்கு 15 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. எஞ்சியவை மாநில ஒதுக்கீடு. அம்மாநில ஒதுக்கீட்டிலும் நூற்றுக்கு 85 இடங்கள், ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக் கழக வட்டாரத்து ‘உள்ளூர்’ மாணவருக்கு உரியவை. பழைய சித்தூர், கடப்பை, அனந்தப்பூர், கர்நூல், நெல்லூர் மாவட்டங்கள் அவ்வட்டாரத்தில் அடங்கும்.

உள்ளூர் என்பது பிறந்த ஊரைக் குறிப்பதன்று. அரசியலமைப்பின் 371-டி பிரிவின் கீழ் 1974இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணைப்படி, தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும் நான்கு கல்வியாண்டுகளை இடைவிடாது அவ்வட்டாரத்தில் பயின்றவரே பொதுவாக உள்ளூராராகக் கருதப்படுவர். அந்த நான்கு ஆண்டுகள் யாவை? ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, இண்டர்மீடியட் இரண்டு ஆண்டுகள். ஆகவே, மருத்துவக் கல்லூரிக்கான விண்ணப்பம் பன்னிரண்டாம் வகுப்பில் எழுதப்படுவதன்று. எட்டாம் வகுப்பு முடியும் கோடையிலேயே எழுதத் தொடங்கப்படுகிறது எனலாம்.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும், நல்ல பள்ளி என்று கேள்விப்பட்டுப் பிள்ளையை வேலூரிலோ சென்னையிலோ சேர்த்துவிடுகின்றனர். கல்வி நன்றாகவே நடக்கிறது. ஆனால் ஆந்திரத்தில் உள்ளூர் உரிமை கைநழுவுகிறது. எஞ்சுவது உள்ளூர், வெளியூர் இரு சாராரும் போட்டியிடும் 15 பங்கு. அதற்கும் தனி நிபந்தனைகள் உண்டு. தமிழ்நாட்டிலோ, அரசு ஒதுக்கீட்டில் சேர ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கே படித்திருக்கவேண்டும். இல்லையேல் பிறப்பிடச் சான்றிதழ் காட்டவேண்டும். அதுவும் இல்லாதவனுக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலைதான். எப்பக்கம் படிப்பது என்பது குடும்பத்தின் விருப்பம். ஒரு பக்கத்தை முன்கூட்டியே தேர்ந்து அங்கேயே நிலைப்பது நன்று என்பது என் கருத்து.

சான்றிதழ்களில் மற்றொரு தொல்லை பெயர். தெலுங்கர் வீட்டுப் பெயரை முன்னே எழுதுவர். நாம் தந்தையின் முதலெழுத்தை எழுதுகிறோம். பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதமாகவும், ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் அமைந்த பெயர் கலந்தாய்வு மேசையில் கேள்விக்கு இடமாகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகும் முன்பே அதைச் சீர்செய்வது எளிது. சாதிச் சான்றிதழும் அவ்வாறே. ஒரு மாநிலப் பட்டியலில் உள்ள வகுப்பு மறு மாநிலத்தில் வேறு பிரிவில் இருக்கலாம். அகில இந்திய ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் சலுகை கோருவோர் மத்திய அரசின் தனிப்படிவத்தில் சான்று பெறவேண்டும். ஆறாம் வகுப்பு முதற்கொண்டு படித்த பள்ளிகளின் படிப்புச் சான்றுகளையும் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கவேண்டும். மூடப்பட்டுவிட்ட பள்ளியின் தலைமையாசிரியரைத் தேடி அலைவது வீண் சிரமம்.

இனித் தேர்வு. 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். அவற்றுள் 90 வினாக்கள் உயிரியலில். பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் தலைக்கு 45. இருவர் சமமான மதிப்பெண் பெற்றால் முதலில் உயிரியல் மதிப்பெண்ணே பார்க்கப்படும். சரியான விடைக்கு நான்கு உண்டு. தவறினால் ஒன்று குறையும். நான்கு விடைகளில் இரண்டைத் தள்ளிவிடும் அளவு தெளிவிருப்பின், எஞ்சிய இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம்.

அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மத்தியக் கலந்தாய்வுக் குழுவிடமும், மாநில ஒதுக்கீட்டுக்கு விஜயவாடாவிலுள்ள டாக்டர் என்.டி.ஆர். சுகாதாரப் பல்கலைக் கழகத்திடமும் தனித்தனியே பதிவு செய்யவேண்டும். ஒன்றில் பதிந்தது மற்றொன்றுக்குச் செல்லாது.

வினாத்தாளின் மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழ் வினாத்தாள் தமிழ்நாட்டு மையங்களில் கிடைக்கும்; ஆந்திர மையங்களில் தெலுங்கும் ஆங்கிலமும் பிறவும் உண்டு, தமிழ் இல்லை. எனவே தமிழில் எழுத விரும்பும் சித்தூர் மாணவி வேலூர் போன்ற ஊரையே மையமாகக் குறிக்கவேண்டும். தமிழ் வினாவோடு ஆங்கில வினாவும் அச்சிடப்பட்டிருக்கும். பொருளில் ஐயம் எழுந்தால் ஆங்கிலமே முடிவானது. இண்டர்மீடியட்டை ஆங்கில வழியில் படித்தவர் கலைச்சொற்களுக்காகத் தடுமாறாமல் ஆங்கிலத்திலேயே எழுதலாம். விண்ணப்பத்தில் மொழியைக் கவனமாகக் குறிக்கவேண்டும்.