கருச்சிதைவுக்குப் பின் தேகமும் தாம்பத்தியமும்

கலாசாலைச் சஞ்சிகையில் இத்தகைய விஷயத்தை எழுதலாமோ எனச் சிலர் வினவக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். அவர் கூசாது சொன்னதற்கு இன்று நாம் கூசுவது பொருந்தாது.

அறியப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை தாமாகவே சிதைகின்றன. பெரும்பாலும் முதல் 12 வாரங்களுக்குள்ளேயே இது நிகழ்கிறது. நிகழ்ந்தவுடன் வீட்டில் எழும் முதற்கேள்வி, "என்ன செய்தாய்?" என்பது. படியேறினாயா, பேருந்திற் குலுங்கினாயா, கணவனுடன் கூடினாயா என விசாரணை நீள்கிறது. உண்மையோ வேறு. இத்தகைய சிதைவுகளிற் சுமார் பாதி, கருவின் குரோமோசோம்கள் 46 என்னும் கணக்கில் அமையாது கூடியோ குறைந்தோ போவதால் விளைவன. அப்பிழை பெரும்பாலும் கருத்தரிக்கும் வேளையிலேயே நேர்ந்துவிடுகிறது. அன்றாட வேலையோ தம்பதியர் சேர்க்கையோ அதனை உண்டாக்குவதில்லை. வைத்தியசாலைச் சீட்டிற் சில வேளை 'அபார்ஷன்' என்று எழுதிவிடுகின்றனர். தானே கலைத்ததாகச் சொல்கின்றனரோ என்று அவள் கலங்குகிறாள். அச்சொல்லை மாற்றி எழுதினால் வைத்தியருக்கு யாது நஷ்டம்?

உதிரப்போக்கு வரவரக் குறைந்து பெரும்பாலும் இரண்டு வாரத்துள் நிற்கும். காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, தாங்கொணா வயிற்றுவலி, மயக்கம், ஒரு மணி நேரத்தில் இரண்டு அணையாடைகள் நனையுமளவு போக்கு ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதியாது வைத்தியசாலை சேரவேண்டும். இரத்தம் குன்றியவளுக்குப் பத்தியம் என்று உணவைக் குறைப்பது தகாது. கீரையும் பருப்பும், உண்போர்க்கு மீனும் இறைச்சியும் நன்று; எலுமிச்சைச் சாறு இரும்புச் சத்தைத் தேகத்திற் சேர்க்கும், உணவோடு பருகும் தேநீர் அதனைத் தடுக்கும்.

இனி, பலர் கேட்க நாணும் பகுதி. உதிரம் நிற்கும்வரை சேர்க்கையைத் தவிர்க்கவேண்டும். கிருமிகள் கருப்பையை அடையாதிருக்கவே இவ்விதி. அதன்பின் தேகம் இசைந்தாலும் மனம் இசையாதிருக்கலாம். கர்ப்பம் நின்ற செய்தியை மகிழ்ந்து பகிர்ந்த அதே படுக்கையறை இப்போது இழப்பையே நினைவூட்டும். கணவன் அவளுக்கு நோகுமோ என்று அஞ்சி விலகிப் படுக்கிறான். அவளோ தன்னை வெறுத்துவிட்டான் என்று எண்ணுகிறாள். இருவரும் விழித்திருந்தே உறங்குவதாக நடிக்கும் இரவுகள் இவ்வாறு கழிகின்றன. கணவனே முதலில் வாய்திறத்தல் நலம் என்பது நம் கருத்து. அவனுக்கும் துக்கமுண்டு, அதனை அவளிடம் மறைப்பது உதவியன்று. கையைப் பற்றியிருத்தலும் தலையைக் கோதுதலும், வேறொன்றையும் வேண்டாத நெருக்கமாக, அந்நாட்களுக்குப் போதும். அவள் வேண்டாமென்றால் அது அவனை வேண்டாமென்பதன்று. வாரங்கள் பல கழிந்தும் உறக்கமும் பசியும் திரும்பாவிடின் மனநல வைத்தியரை நாடுவதில் இழிவில்லை.

மாதவிடாய் நான்கு முதல் எட்டு வாரங்களில் திரும்பும். அதற்கு முன்பே, இரண்டு வாரத்திலேயே, கருத்தரிக்க இடமுண்டென்பதைப் பலர் அறியார். உடனே கர்ப்பம் வேண்டாதோர் தடுப்புமுறையை முன்னரே கேட்டுக்கொள்க. ஆறு மாதம் காத்திருக்குமாறு உலக சுகாதார ஸ்தாபனம் 2005-இற் சொன்னது. அதற்கு முன் தரித்தலால் தீங்கு மிகுவதில்லை எனப் பிந்திய ஆராய்ச்சிகள் காட்டின. எனவே தம்பதியர் தம் மனநிலையையும் வைத்தியர் சொல்லையும் கொண்டு தீர்மானிக்கலாம்.

உத்தியோகத்திலுள்ளோர்க்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1961-ஆம் ஆண்டுப் பிரசவகால அனுகூலச் சட்டம், கருச்சிதைந்த பெண்ணுக்கு மறுநாள் தொடங்கி 6 வாரம் சம்பளத்துடன் விடுமுறை வகுத்தது. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதனை வைத்திருக்கிறது. அதற்கு வைத்தியரது சான்றுச்சீட்டைப் பெற்று வைத்துக்கொள்வது அவசியம்.