உப்புக்காற்றும் ஒரு பட்டை வயரும்

கற்பிட்டியில் மச்சான் ஒருவர் போட்டோ கொப்பிக் கடை நடத்துகிறார். கடைக் கணினியைக் காலையில் போட்டால், தேத்தண்ணி குடித்து, கோப்பையையும் கழுவி வைத்த பிறகுதான் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். மௌஸ் ஒட்டி ஒட்டி நகரும். பாட்டுப் போட்டால் திக்கும். பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். எக்ஸ்பியை மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு கைவிட்டது. மச்சான் கைவிடவில்லை, அவருடைய பில் புரோகிராம் அதில்தான் ஓடும். இன்டர்நெட் இணைப்பு இல்லாத மிஷின் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

திருத்தும் கடை ஒன்றில் காட்டினோம். "டிஸ்க் போயிட்டு நானா, புதுசு போட்டு ஃபோர்மட் அடிச்சுத் தாரேன்" என்றார் தம்பி. யோசித்துச் சொல்கிறோம் என்று திரும்பக் கொண்டுவந்தோம். டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பது அன்று பின்னேரமே தெரிந்தது.

பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தரவை நினைவகத்துக்குக் கொண்டுபோக இரண்டு வழி உண்டு. உடப்புக் கரையில் கரைவலை இழுபடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வலை கரையேறியதும் மீனைக் கூடை கூடையாக வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியே தூக்கிக்கொண்டு லொறிக்கு ஓடினால் எப்படி இருக்கும்? விலை பேசவும் ஆளில்லை, கணக்குப் பார்க்கவும் ஆளில்லை. 'பிஐஓ' முறை அதுதான். ஒவ்வொரு துண்டுத் தரவையும் பிராசசரே தூக்க வேண்டும். 'டிஎம்ஏ' முறையில் சம்மாட்டி "ஏத்துங்கடா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். சுமப்பது கன்ட்ரோலரின் பாடு. பிஐஓவின் உச்ச வேகம் செக்கனுக்கு 16.6 மெகாபைட். அல்ட்ரா டிஎம்ஏயில் 33, 66, 100, 133 என்று படிகள் ஏறும். இவையெல்லாம் ஏட்டு வேகங்கள்தான். ஆனால் மௌஸ் ஒட்டுவதற்குக் காரணம் வேகம் மட்டுமல்ல, பிராசசர் கூடை சுமந்துகொண்டிருப்பதும்தான்.

நல்லபடியாக ஓடிய மிஷின் ஏன் பிஐஓவுக்கு இறங்கியது? விண்டோஸே இறக்கிவிட்டது. வயர் வழியே வரும் தரவு சிதையாமல் வந்ததா என்று ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கப்படும். இந்தச் சரிபார்ப்பில் பிழை, அல்லது பதில் வரத் தாமதம் என்று மொத்தம் ஆறு சேர்ந்தால், எக்ஸ்பி வேகத்தில் ஒரு படி குறைக்கும். பிழை தொடர்ந்தால் இன்னொரு படி, கடைசியில் பிஐஓ. ஆறும் ஒரே நாளில் வர வேண்டியதில்லை. மாசத்துக்கு ஒன்று வந்தாலும் கணக்கில் ஏறும். இறக்கியதை உங்களிடம் சொல்லாது, தானாகத் திரும்ப ஏற்றவும் செய்யாது. ஃபோர்மட் அடித்தால் கொஞ்ச நாள் பறந்துவிட்டுப் பிறகு பழையபடி படுத்துக்கொள்ளும் மிஷின்களின் மர்மம் இதுதான். புது விண்டோஸ் எண்ணிக்கையைப் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. பிழையைத் தரும் வயர் மட்டும் உள்ளே அப்படியே இருக்கிறது.

எங்கள் கரையில் அந்த வயரை முதலில் சந்தேகிக்க வேண்டும். கற்பிட்டிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. பாலாவிப் பக்கம் உப்பளங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியை நக்கினால் உப்புக் கரிக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர் கோக்கும். குசினியில் உப்புப் போத்தல் கசிகிறதே, அதேதான் கணினிப் பெட்டிக்குள் பின்களின் மேலும் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு ஈரம் போதும், உலோகத்தை அரிக்கத் தொடங்கிவிடும்.

மச்சானின் பெட்டியைத் திறந்தபோது பின்களின் அடியில் மங்கலாகப் பச்சை படிந்திருந்தது. அதைவிட மோசம், போட்டிருந்தது 40 இழைப் பட்டை வயர். 33க்கு மேற்பட்ட வேகத்துக்கு 80 இழை வேண்டும். இரண்டு வகை வயரின் முனையிலும் துளைகள் 40தான். மேலதிக 40 இழைகளும் நிலத்தொடுப்பு, பக்கத்து இழைகளின் சமிக்ஞை ஒன்றோடொன்று கலக்காமல் நடுவில் வேலிபோல ஓடும். இழை நெருக்கமாக, மெல்லிசாக இருந்தால் அது 80. நீல முனை மதர்போர்ட்டுக்கு, கறுப்பு முனை பிரதான டிஸ்க்குக்கு.

பழைய மிஷின் ஒன்றைக் கழற்றி எடுத்த நல்ல வயரை மாட்டினோம். மாட்டுமுன் பின்களை ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் தோய்த்த பிரஷ்ஷால் துடைத்து, நன்றாக உலரவிட்டோம். பிறகு டிவைஸ் மனேஜரில் 'பிரைமரி ஐடிஇ சனல்' என்பதைத் திறந்து, 'அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்' பக்கத்தில் பார்த்தால் எதிர்பார்த்தபடியே 'பிஐஓ மோட்' என்றிருந்தது. அந்தச் சனலை அன்இன்ஸ்டோல் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்தோம். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து 'அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5' என்று காட்டியது. வயரை மாற்றாமல் இதை மட்டும் செய்திருந்தால் ஃபோர்மட் அடித்த கதைதான்.

டிஸ்க்தான் சாகிறதா, வயர்தான் பிழையா என்று பிரித்தறிய 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் போதும். அதன் பழைய பதிப்புகள் எக்ஸ்பியிலும் ஓடும். அது காட்டும் பட்டியலில் 5, 197 என்ற இலக்கங்களுக்கு நேரே எண்ணிக்கை ஏறினால் டிஸ்க்கின் தட்டிலேயே பழுது. வேறெதையும் செய்யாமல் முதலில் தரவைப் பிரதி எடுங்கள். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் வயர். அந்த மென்பொருள் இலக்கங்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். 199ஐ 'சி7' என்று தேடுங்கள்.

கொஞ்சம் பிந்திய சாட்டா மிஷின்களிலும் வயர்ப் பிழை 199இல்தான் பதிவாகும். அவற்றில் இன்னொரு வில்லங்கம், மதர்போர்ட்டின் நாணய வடிவ பேட்டரி. அது செத்தால் பயோஸ் தன் ஆரம்ப அமைப்புக்குத் திரும்பும். 'ஏஎச்சிஐ' என்றிருந்தது 'ஐடிஇ' ஆகலாம், அல்லது மறுபுறமாக. விண்டோஸ் 7 நீலத்திரையில் 7பி என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நிற்கும். மின்வெட்டுக்கு மறுநாள் இப்படி நின்றால் ஃபோர்மட் பேச்சு வேண்டாம். பேட்டரியை மாற்றி, பயோஸில் பழைய அமைப்பைத் திரும்ப வையுங்கள்.

மச்சானின் மிஷினில் 199க்கு நேரே அன்று 41 இருந்தது. இந்த எண் ஒருபோதும் குறையாது, ஏறாமல் நின்றாலே போதும். இரண்டு மாசம் கழித்துப் போய்ப் பார்த்தேன். 41தான்.