காய்கறிக் கூடையில் ஒரு காடு!

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சேலையூரில் எங்கள் வீட்டு சமையலறையிலிருந்து குரல் வந்தது.

''என்னங்க... கீரை அலம்பற ஓட்டைக் கூடையைப் பார்த்தீங்களா?''

பார்த்தேனே! மொட்டை மாடியில் என் மடியில்தான் இருந்தது. ஆனால், அதற்குள் செங்கல் சில்லும் ஒரு சவுக்குக் கன்றும் குடியேறிவிட்டதால் நான் வாயைத் திறக்கவில்லை.

திருட்டுக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு போன்சாய் பைத்தியம். பி.காம். படித்தவன் அல்லவா... ரெடிமேடாக வாங்கினால் உடனே லாபம் என்று கணக்குப் போட்டு, 1,200 ரூபாய்க்கு பீங்கான் தட்டில் ஒரு ஜுனிபர் வாங்கினேன். ஆபீஸ் மேஜையில், கம்ப்யூட்டர் பக்கத்தில், ஏ.ஸி. காற்று ஜில்லென்று படும்படி வைத்தேன். அது நல்ல வெயிலில் நிற்க வேண்டிய மரம் என்று யாரும் சொல்லவில்லை. ஜுனிபருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு சார்... உயிர் போன பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். செத்தவர் பெயரில் பென்ஷன் போட்ட கதையாக, நான் தினமும் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்தேன்!

அடுத்தது, கொடைக்கானல் டூரில் வாங்கிவந்த பைன் கன்று. தாம்பரத்து கத்திரி வெயில் அதை ஒரே வாரத்தில் ஊதுவத்தி ஆக்கிவிட்டது.

இரண்டு நஷ்டங்களுக்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். போன்சாய்க்குப் பேர்போன ஜப்பானில், கருப்பு பைன் கன்றுகளை எடுத்தவுடன் அழகான தட்டில் வைப்பதில்லையாம். பலரும் நம் வீட்டுக் காய்கறிக் கூடை மாதிரி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான் வருஷக்கணக்கில் வளர்க்கிறார்கள்.

ஓட்டையில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரணத் தொட்டியில் வேர் நீண்டு சுவரைத் தொடும். வழி இல்லை. உடனே திருவண்ணாமலை பௌர்ணமிக் கூட்டம் மாதிரி கிரிவலம் கிளம்பிவிடும். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் தன்னைத் தானே நெரித்துக்கொள்ளும். கூடையில் அப்படி இல்லை. வேர் நுனி ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும். வெளியே காய்ந்த காற்று. நுனி கருகிவிடும். நுனி போனதும் பின்னாலிருந்து நாலைந்து கிளைவேர் புறப்படும். அதுகளும் எட்டிப் பார்க்கும், கருகும், மறுபடி கிளைக்கும். கத்தரியே எடுக்காமல், கூடை நிறையத் தேங்காய் நார் மாதிரி மெல்லிய வேர்கள்! பிற்பாடு இரண்டு அங்குல ஆழத் தட்டில் மரம் பிழைக்க இந்த வேர்கள்தான் வேணும்.

இது நமக்கும் புதுசு இல்லை. காகித ஆலைகளுக்காக விவசாயிகள் போடுகிற சவுக்குக் கன்றுகளை நர்சரியில் 'ரூட் டிரெய்னர்' என்று அடியில் ஓட்டை விட்ட பிளாஸ்டிக் குழலில் வளர்த்து, தரையில் படாமல் ஸ்டாண்டில் தொங்கவிடுகிறார்கள். அதே தந்திரம்தான்!

சரி, ஏன் சவுக்கு? நம்ம ஊர் கடற்கரை மரம், வெயிலுக்கு அசராது. பார்க்கவும் பைன் மாதிரியே இருக்கும். (பைன் ஜாதி இல்லை. நாம் ஊசியிலை என்று நினைப்பது உண்மையில் கணுக்கணுவான மெல்லிய குச்சி. நிஜ இலை கணுவில் பல் மாதிரி பொடிசாக இருக்கும். சின்ன வயசில் ஊசியை ஒரு கணுவில் பிரித்து, திரும்பச் சொருகி, 'எங்கே உடைஞ்சிருக்கு சொல்லு' என்று விளையாடியிருப்பீர்களே, அந்தக் கணுதான்.) இந்தோனேஷியாவில் சவுக்கு போன்சாய்க்குத் தனி மவுசே உண்டு.

செங்கல்லை உடைத்து மாவு சல்லடையில் சலித்து, தூளைக் கொட்டிவிட்டு, மிளகிலிருந்து பட்டாணி அளவு வரை உள்ள சில்லை மட்டும் எடுத்தேன். கூட கொஞ்சம் தென்னை நார்க்கழிவு, கொஞ்சம் மக்கிய சாணம். அவ்வளவுதான்.

ஆறே மாசத்தில் பக்கத்து வீட்டு மாமா மாடிக்கு வந்து, ''போன்சாய்னு சொன்னேள்... உங்களைவிட உசரமா நிக்கறதே!'' என்றார். நியாயமான கேள்வி. தண்டு பருக்க வேண்டுமானால் ஒரு கிளையை இஷ்டத்துக்கு ஓட விடணும். தண்டு பருத்ததும் அந்தக் கிளையை வெட்டிவிடணும். குட்டையாக்குவது கடைசி வேலை. மாமா நம்பவில்லை.

கூடைக்கு ஒரு பெரிய குறை உண்டு. தண்ணீர் நிற்காது. மே மாசம் காலையில் ஊற்றினால் மத்தியானமே காய்ந்துவிடும். நானோ 7.50 லோக்கலைப் பிடித்தால் திரும்ப ராத்திரி எட்டு. முதல் கோடையில் ஒருநாள் வந்து பார்த்தால், ஊசியெல்லாம் பழுப்பேறித் தலை தொங்கி நின்றது. போச்சு, மூணாவது நஷ்டம் என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவிதான் பேசாமல் ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, கூடையோடு அதில் இறக்கி நிழலில் வைத்தாள். நாலாம் நாள் தண்டில் பச்சைப் புள்ளி! அன்றிலிருந்து மத்தியானத் தண்ணீர் அவள் பொறுப்பு.

வாஷிங்டன் தேசிய தாவரப் பூங்காவில் ஒரு வெள்ளை பைன் போன்சாய் இருக்கிறது. 1625-லிருந்து வளர்க்கப்படுவது. 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில், யமாகி குடும்பத்து நர்சரியில் சுவருக்குப் பின்னால் நின்று பிழைத்தது. 1976-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகத் தந்தார்கள். அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பது, 2001-ல் பேரன்கள் வந்து சொன்ன பிறகுதான் அங்கே தெரிந்ததாம்! இத்தனை வருஷமும் யாரோ ஒருத்தர் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

என் சவுக்குக்கு இப்போது கட்டைவிரல் பருமன். ஓட்டை வழியாகத் தப்பித்த வேர்கள் வீணாகாமல் இருக்க, அரை நாள் லீவு போட்டு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் 40 ரூபாய்க்கு இன்னொரு பெரிய கூடை வாங்கி, அதில் மண் போட்டு, இந்தக் கூடையை அதன்மேல் உட்கார வைத்திருக்கிறேன்.

''சரி, என் கூடை எப்ப வரும்?'' என்றாள் நேற்று.

''வேரெல்லாம் ஓட்டையில பின்னிக்கிச்சு. வெட்டித்தான் எடுக்கணும்...''

''அப்ப வர்ற வெள்ளிக்கிழமை சந்தையில மூணு கூடையா வாங்கிட்டு வாங்க. ரெண்டு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. என்னுதுல பெயின்ட்ல பேர் எழுதிடப் போறேன்!''