மூதவை: சொல்லும் பொருளும்

மாணவர்களே! சோல்பரி அரசியலமைப்பைக் கற்கும்போது 'மூதவை' என்னும் சொல்லைக் காண்பீர்கள். பொருளறியாது மனனஞ் செய்வோர் இதனைப் பிரதிநிதிகள் சபையுடன் மாற்றி எழுதிவிடுவதுண்டு. சொல்லைப் பிரித்து விளங்கிக்கொண்டால் இத்தவறு நேராது.

சொல்லின் தோற்றம்

முதுமை + அவை = மூதவை. இங்கு 'மை' விகுதி கெட்டு, முதலெழுத்து நீண்டு, ஈற்று உகரம் கெட்டது. முதுமை + ஊர் = மூதூர் என்பதும் இவ்வாறே அமைந்தது. எனவே மூத்தோர் கூடும் அவை என்பதே இதன் பொருள். 'செனற்' என்னும் சொல்லும் இதே கருத்தில் பிறந்தது. இலத்தீன் மொழியில் 'செனெக்ஸ்' என்றால் முதியவர்.

இலங்கையின் மூதவை

சோல்பரி யாப்பின்படி 1947இல் ஈரவைப் பாராளுமன்றம் அமைந்தது. மக்கள் தேர்தல் மூலம் அமைந்த பிரதிநிதிகள் சபை கீழவை, மூதவை மேலவை. மூதவையின் 30 உறுப்பினருள் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவுசெய்தது; 15 பேரை மகாதேசாதிபதி நியமித்தார். பெயருக்கேற்ப, உறுப்பினர் 35 வயதை அடைந்தவராக இருத்தல் வேண்டும்.

அவசரச் சட்டங்களை அனுபவமுடையோர் மீண்டும் ஆராய வேண்டும் என்பதே மேலவையின் நோக்கமாகும். சிறுபான்மையினருக்கு இது ஒரு பாதுகாப்பாகவும் கருதப்பட்டது. எனினும் மூதவையால் சட்டமூலங்களைத் தாமதப்படுத்த முடிந்ததேயன்றி முற்றாகத் தடுக்க முடியவில்லை. அதன் அரைவாசி உறுப்பினரைக் கீழவையே தெரிவுசெய்ததும் ஒரு குறைபாடாகும்.

1960 ஜூலைத் தேர்தலில் போட்டியிடாமலே பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க, மூதவை உறுப்பினராக இருந்தே 1965 வரை ஆட்சி நடத்தினார். மூதவையின் இறுதித் தலைவர் ஏ. ரத்நாயக்க, 1947இல் கண்டி மாவட்டத்தின் வத்தேகம தொகுதியிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானவர்.

1971 ஒக்டோபர் 2ஆந் திகதி மூதவை ஒழிக்கப்பட்டது. 1972 குடியரசு யாப்பு ஓரவையான தேசிய அரசுப் பேரவையை உருவாக்கியது. 1978 யாப்பின் கீழுள்ள பாராளுமன்றமும் ஓரவையே.

சொல் மட்டும் மறையவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கல்வி விடயங்களைத் தீர்மானிக்கும் சபைக்கும் மூதவை என்றே பெயர். அது சட்டம் இயற்றும் சபையன்று என்பதை மறவாதீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. 'மூதவை' என்னும் சொல்லைப் பிரித்துப் பொருள் தருக.
2. மூதவைக்கும் பிரதிநிதிகள் சபைக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.
3. மூதவை சிறுபான்மையினருக்குப் போதிய பாதுகாப்பாக அமைந்ததா? காரணங் காட்டுக.