கப்பலின் அடிப்புறமும் நான்கு விஞ்ஞானங்களும்

துறைமுகத்திலே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலைக் காண்போர் நீருக்கு மேலே தோன்றும் பகுதியையே காண்கின்றனர். ஆயின், ஒரு கப்பலின் ஆயுளையும் வேகத்தையும் செலவையும் பெரிதும் தீர்மானிப்பது, நீருள் மறைந்து கிடக்கும் அதன் அடிப்புறமாகும். அவ்வடிப்புறத்தைக் கடல் இரண்டு வழிகளிலே தாக்குகின்றது. ஒன்று, உப்புநீரின் அரிப்பு. மற்றொன்று, துளைத்தும் ஒட்டியும் வாழும் உயிர்களின் பெருக்கம். ஒரு பகையை வெல்ல மனிதன் கண்ட வழி பன்முறை மற்றொரு பகைக்கு வாயில் திறந்துவிட்டது. பொறியியல், பொருளியல்புகளை ஆராயும் கலை, இரசாயனவியல், கூர்ப்புயிரியல் ஆகிய நான்கும் இந்த ஓரிடத்திலே சந்திக்க நேர்ந்தமைக்குக் காரணம் இதுவே.

இதனை ஆராய்வதற்குத் திருகோணமலையைப் போலப் பொருத்தமான இடங்கள் சிலவே. உலகின் ஆழமிக்க இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றான இதன் உட்துறை, நிலத்தாலும் குன்றுகளாலும் சூழப்பட்டது. தெற்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கின்றது. மூதூருக்கு அருகே மகாவலி கங்கையின் நீர் அதனொடு கலக்கின்றது. குளிர்ந்த நாட்டுக் கடல்களிலே மாரிகாலம் ஒட்டுயிர்களின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும். இங்கோ நீர் ஆண்டு முழுவதும் வெம்மையானது. அசையாது நிற்கும் கப்பலும் அமைதியான வெந்நீர்க் குடாவும் ஒட்டுயிர்களுக்கு மிக உகந்தவை.

அவ்வுயிர்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முதலாவது கப்பற்புழு. பெயரிலே புழுவாயினும், இஃது உண்மையிலே சிப்பி இனத்தைச் சேர்ந்தது. அதன் இரு சிற்றோடுகளும் மரத்தைத் துளைக்கும் கருவியாக மாறியுள்ளன. அது துருவி எடுத்த மரத்தூளைச் செரிப்பதற்கு, அதன் பூக்களிலே வாழும் நுண்ணுயிர்கள் உதவுகின்றன. இரண்டாவது கொட்டலசு. சுண்ணாம்பு ஓட்டினுள்ளே ஒடுங்கியிருக்கும் இவ்வுயிரை நெடுங்காலம் அறிஞர் சிப்பி இனமென்றே கருதினர். 1830ஆம் ஆண்டிலே ஜோன் வோகன் தொம்சன் என்பவர் அதன் குடம்பியைக் கண்டு, இது நண்டு, இறால் ஆகியவற்றின் உறவினமென நிறுவினார். குடம்பி தன் உணர்கொம்புகளால் பரப்பைத் தொட்டு நடந்து சோதித்து, தன்னினத்தார் முன்னரே குடியேறிய இடத்தை விரும்பித் தேர்ந்து, பசைபோன்ற ஒரு சாந்தைச் சுரந்து ஒட்டிக்கொள்கின்றது. ஒட்டியபின் வாழ்நாள் முழுவதும் அவ்விடத்தை விட்டு அகல்வதில்லை.

இதனால் விளையும் நட்டம் சிறிதன்று. போர்க்கப்பல் ஒன்றின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு 2007இல் வெளியான ஒரு கணிப்பின்படி, அடிப்புறத்திலே கொட்டலசுகள் மிகுதியாக மண்டினால், அதே வேகத்திற் செல்ல 86 சதவீதம் வரை கூடுதலான வலு வேண்டும். பாய்க்கப்பற் காலத்திலோ எரிபொருளால் இழப்பை ஈடுசெய்ய வழியில்லை; வேகம் குன்றியே தீரும். 1782 ஆகஸ்டிலே பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் திருகோணமலையைக் கைப்பற்றினார். செப்தெம்பர் 3ஆம் நாள் வெளிக்கடலில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் படையோடு பொருதினார். சுப்ரேனின் கப்பல்களுட் சில செப்புத் தகடு போர்த்தவை. வேறு சில போர்த்தப்படாதவை. அடிப்புறம் வேறுபட்ட கப்பல்கள் ஒரே அணியிலே ஒரே வேகத்தில் ஓடுவது எளிதன்று.

செப்புத் தகட்டின் கதை அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கியது. 1761இலே ஆங்கிலக் கடற்படையினர் 'அலார்ம்' என்ற கப்பலின் அடிப்புறத்திற்குச் செப்புத் தகடு போர்த்தினர். புழு துளைக்கவில்லை, பாசியும் கொட்டலசும் அண்டவில்லை. ஆனால் 1763இற் சோதித்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக இடையிலே சிக்கியிருந்த இடங்களில் மட்டும் இரும்பு காப்பாற்றப்பட்டிருந்தது. இரு வேறு உலோகங்கள் உப்புநீரிலே ஒன்றையொன்று தொடின் அவை ஒரு மின்கலமாகின்றன. அவற்றுள் எளிதிற் கரையும் உலோகம் மற்றதற்காகத் தன்னை இழக்கின்றது. இந்த விளக்கம் அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. ஆயினும் இரும்பையும் செம்பையும் பிரித்து வைக்கவேண்டுமென்ற பாடத்தைப் பொறியியலாளர் கற்றுக்கொண்டனர்.

மரத்தின் இயல்பும் இங்கே முக்கியமாகின்றது. ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பாணியை அரிக்கும். தேக்கு மரத்தின் எண்ணெயோ இரும்பைக் காக்கும். இவ்வூரின் பெயரைத் தாங்கிய 'திருகோணமலை' என்னும் போர்க்கப்பல், 1817இலே பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் கைத்திறத்தால் மலபார்த் தேக்கிலே கட்டப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரிலே மிதந்துகொண்டிருக்கின்றது.

செம்பும் கடல்நீரிலே மெல்லமெல்லத் தேய்ந்தது. அதனைத் தடுக்க வழி காணுமாறு கேட்கப்பட்டவர் சேர் ஹம்பிரி டேவி. மின்கலத்தின் தன்மையை நன்கறிந்த அவர், 1824இலே செப்புத் தகட்டின்மீது இரும்பு அல்லது நாகத்தின் சிறு துண்டுகளைப் பொருத்தினார். அத்துண்டுகள் கரைந்தன, செம்பு கரையாது நின்றது. இரசாயனவியல் முழு வெற்றி கண்டது. ஆனால், காக்கப்பட்ட செம்பின்மீது கொட்டலசும் பாசியும் செழித்து வளர்ந்தன! 1825இலேயே, கடலோடும் கப்பல்களிலிருந்து அக்காப்புகளை அகற்றுமாறு ஆணை பிறந்தது. செம்பு கரைந்து நீரிலே கலப்பதாலன்றோ உயிர்கள் அண்டாதிருந்தன! கரைதலை நிறுத்தியதும் அதன் காவலும் நின்றுவிட்டது. டேவியின் இரசாயனத்திலே பிழையில்லை. உயிரியலின் கேள்வி கேட்கப்படாமற் போனதே குறை. பிற்காலத்தில் இரும்புக் கப்பல்கள் வந்தபோது டேவியின் முறை மீண்டும் உயிர்பெற்றது. இன்றும் எஃகுக் கப்பல்களின் அடியிலே நாகக் கட்டிகள் பொருத்தப்படுகின்றன.

ஒட்டுயிர்களை நன்கறியும் பணியிலே சார்ள்ஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகள் கொட்டலசுகளை ஆராய்ந்தார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலை 1859இல் வெளியிடுமுன் அவர் பெற்ற பெரும் பயிற்சி இதுவே. ஓரினத்தின் உறுப்பினர் தம்முள் எவ்வளவு வேறுபடுகின்றனர் என்பதை அவர் அங்கே கண்டார். அவ்வேறுபாடு கப்பற் பூச்சுத் தொழிலிலும் தலைகாட்டியது. செம்பு கலந்த பூச்சையும் பொறுத்துக்கொண்டு வாழும் பாசிகள் கப்பலடியிலே தோன்றின. 1970இல் வெளியான ஆராய்ச்சியொன்று, கப்பலடியிலிருந்து எடுத்த ஒருவகைப் பாசி, மாசற்ற கரையிலிருந்து எடுத்த அதேயினப் பாசியைவிட மிகுதியான செம்பைத் தாங்குவதாகக் காட்டியது. நஞ்சு பெரும்பாலானவற்றைக் கொல்கின்றது. தப்பிய சில தம் இனத்தைப் பெருக்குகின்றன. டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு, மனிதன் பூசிய பூச்சின்மீதே நிகழ்ந்தது.

இதற்கு மறுமொழியாக 1960களிலே வெள்ளீயச் சேர்வையொன்று பூச்சுகளிற் கலக்கப்பட்டது. அதன் ஆற்றல் வியத்தகு முறையிலே இருந்தது, தீங்கும் அவ்வாறே. பிரான்சின் ஆர்க்காஷோன் குடாவிலே வளர்க்கப்பட்ட சிப்பிகளின் ஓடுகள் தடித்துத் திரிந்தன. கடல்நத்தைகளுட் பெண்ணினம் ஆணுறுப்பு வளர்த்து மலடாயிற்று. ஒரு லிற்றர் நீரிலே ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு இருப்பினும் இவ்விளைவு தோன்றியது. ஆர்க்காஷோனும் திருகோணமலையின் உட்துறையைப் போல நிலத்தால் அணைக்கப்பட்ட நீர்நிலையே. இத்தகைய நீரிலே சேர்ந்த நஞ்சு விரைவில் வெளியேறாது. கப்பலைக் காக்கும் பொருட்டு மீனவரின் வாழ்வை அழிப்பதா என்ற கேள்வி எழுந்தது. 2001இலே அதனைத் தடைசெய்யும் சருவதேச உடன்படிக்கை நிறைவேறி, 2008இல் நடைமுறைக்கு வந்தது.

நஞ்சின்றிக் கப்பலைத் துப்புரவாக்க ஒரு வழி, அதனை நீரிலிருந்து உயர்த்திச் சுரண்டுவதாகும். சிறு வள்ளங்களைக் கரையேற்றி வெயிலிற் காயவைத்து மீனெண்ணெய் பூசும் பழைய வழக்கம் இந்த உண்மையின்மேல் எழுந்ததே. உலர்ந்த மரத்திலே கப்பற்புழு பிழைப்பதில்லை. பெருங்கப்பலை உயர்த்துவதோ பெரும் பொறியியற் செயல். 1944 ஆகஸ்ட் 8ஆம் நாள், திருகோணமலையிலே மிதக்கும் கப்பற்றளம் ஒன்று, 'வேலியன்ற்' என்னும் முப்பதினாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட போர்க்கப்பலைத் தாங்கியிருந்தவேளை உடைந்து மூழ்கியது. கப்பலும் கடுஞ்சேதமடைந்தது. தளத்தின் நீரறைகளை இயக்கும் ஒழுங்கு பிசகி, பாரம் சமமின்றி விழுந்தமையே காரணமெனக் கருதப்படுகின்றது.

அரிக்காத உலோகம் கிடைத்தால் துன்பம் தீராதோ எனச் சிலர் கேட்கலாம். அத்தகைய உலோகத்தின் மூலப்பொருள் இம்மாவட்டத்திலேயே உண்டு. புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலிலுள்ள இல்மனைற்று, இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியமாகும். தைத்தேனிய உலோகத்தின் மேற்பரப்பிலே மெல்லிய ஒட்சைட்டுப் படலம் தானாகவே உண்டாகி அதனைக் காப்பதால், கடல்நீர் அதனை அரிப்பதில்லை. ஆயின் அதிலிருந்து எந்த நஞ்சும் கரைவதுமில்லை. ஆதலால் கொட்டலசு அதன்மேல் மகிழ்ச்சியோடு குடியேறுகின்றது. டேவியின் செம்பு கற்பித்த பாடமே இங்கும் வேறு உருவிலே தோன்றுகின்றது. கண்ணாடியிழைப் படகின் நிலையும் அதுவே: புழு அதனைத் துளைக்காது, துருவும் பிடிக்காது, ஆனால் நீரிலே நிறுத்திவைத்தால் கொட்டலசு ஒட்டும்.

இக்காலத்து ஆராய்ச்சி, கொல்வதை விடுத்து ஒட்டவிடாமற் செய்யும் வழியை நாடுகின்றது. சிலிக்கோன் வகைப் பூச்சிலே கொட்டலசின் சாந்து உறுதியாகப் பற்றுவதில்லை. கப்பல் விரைந்து ஓடும்போது நீரோட்டமே அதனைக் கழற்றிவிடும். சுறாவின் தோலிலுள்ள நுண்ணிய வரிகளைப் போலப் பரப்பை அமைக்கும் முயற்சியும் நடைபெறுகின்றது. எனினும் நெடுநாள் அசையாது நிற்கும் கலங்களுக்குச் சிலிக்கோன் பூச்சால் அத்துணைப் பயனில்லை. ஒரு முறையை மதிப்பிடும்போது, அது உலோகத்தை எவ்வாறு காக்கின்றது, கப்பலின் எடையையும் ஓட்டத்தையும் எவ்வாறு பாதிக்கின்றது, கரைந்தபின் நீரை என் செய்யும், எந்த உயிரைத் தேர்ந்து வளர்க்கும் என்னும் நான்கு கேள்விகளையும் ஒருங்கே கேட்டல் வேண்டும். கொட்டியாரக் குடாவிலே வலை வீசுவோரின் வாழ்வும் துறையிலே நிற்கும் கப்பலின் நலமும் ஒரே நீரையே நம்பியிருக்கின்றன.