கத்திக்குப் பிடி போடுவது

கூர் மழுங்கினால் சாணை பிடிக்கிறோம். பிடி ஆட ஆரம்பித்தால் மட்டும் கத்தியையே பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறோம், அலகு இன்னும் பல வருஷம் உழைக்கும் என்றாலும்.

பிடி ஆடுவதற்குக் காரணம் மரத்தின் சுபாவம். வெட்டி எத்தனை காலமானாலும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். பச்சை மரம் முழுக்கக் காயும்போது இழை ஓடும் திசையில் ஏறக்குறைய 0.1 சதவீதம்தான் சுருங்கும். குறுக்குவாட்டில் பல மரங்கள் 5 சதவீதத்துக்கும் மேல் சுருங்கிவிடும். எஃகோ ஈரத்துக்கு அசைந்து கொடுக்காது. இரவெல்லாம் சிங்க்கில் ஊறிக் காலையில் வெயிலில் காயும் கத்தியில் மரம் உப்பி உப்பிச் சுருங்குகிறது, உள்ளே இரும்பு அப்படியே நிற்கிறது. ஆணித்துளை தளர்வதும் மரம் வெடிப்பதும் இதனால்தான்.

கொல்லுப்பட்டறையில் இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. அரிவாளின் வால் பகுதியை உலையில் காய்ச்சி, பிடிக்குள் இட்ட சிறு துளையில் அடித்து இறக்குவார்கள். சூட்டில் மரம் கருகி, வாலின் அளவுக்கே தனக்கொரு பள்ளம் செய்துகொள்ளும். வாய்ப்புறம் பிளக்காமலிருக்க இரும்புப் பூண். ஜப்பானியச் சமையல் கத்திகளிலும் இதே முறைதான்: அங்கே லேசான மக்னோலியா மரம், பூணுக்குப் பதில் எருமைக் கொம்பு. அந்தப் பிடி தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். நேபாளத்துக் குக்கிரிக் கத்தியில் பிடித் துளைக்குள் அரக்குக் கலவையை உருக்கி ஊற்றுவார்கள். திரும்பச் சூடு காட்டினால் பிடி கழன்று வரும். எப்பாக்ஸிப் பசையைவிட இது நாகரிகமான யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இன்றைய சமையலறைக் கத்திகள் பலவற்றில் அலகின் எஃகுத் தகடே பிடியின் கடைசி வரை போகிறது. அதன் இரு பக்கமும் மரத்தில் அறுத்த தட்டைத் துண்டுகளை, அதாவது பட்டைகளை, வைத்து ஆணியடிக்க வேண்டும். இதற்கு நன்றாகக் காய்ந்த, வைரம் பாய்ந்த மரம் தேவை: கருவேலம், புளி, தேக்கு, ஈட்டி. தேக்கிலும் ஈட்டியிலும் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துவிட வேண்டும். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சு இரைப்பையும் கொண்டுவரும், முகமூடி கட்டாயம்.

முதலில் கூர் முனையைக் கெட்டி அட்டையால் மூடி டேப் சுற்றிவிடுங்கள். தகட்டிலுள்ள ஓட்டைகளையே வழிகாட்டியாக வைத்து, ஒவ்வொரு பட்டையிலும் துளை போடுங்கள். அடுத்ததுதான் பலர் கோட்டை விடும் இடம். பட்டைகள் அலகைத் தொடும் முன்விளிம்பை, ஒட்டுவதற்கு முன்பே வழவழப்பாக்கி மெருகேற்றிவிட வேண்டும். ஒட்டியபின் அங்கே உப்புத்தாள் போட்டால் அலகு கீறல் விழுந்துவிடும். இரண்டு பட்டைகளையும் ஆணியில் கோத்துச் சேர்த்தே தேய்த்தால் விளிம்புகள் ஒரே நேர்கோட்டில் அமையும்.

எஃகையும் மரத்தின் உட்புறத்தையும் சொரசொரப்பாக்கி, எப்பாக்ஸி பூசி, பித்தளை ஆணிகளைச் செருகிக் கிளாம்ப் போடுங்கள். மிதமான இறுக்கம் போதும். நெரித்தால் பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்து, ஒட்ட வேண்டிய இடம் காய்ந்து கிடக்கும். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையை விட, ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் ரகம்தான் தண்ணீரைத் தாங்கும்.

அதன்பிறகு அரத்தால் வடிவம் கொண்டுவருவது. கடைப் பிடி எல்லோருக்கும் பொது. இதையோ உங்கள் கையில் பிடித்துப் பார்த்து, உறுத்தும் இடத்தில் மட்டும் ராவி எடுக்கலாம். சுற்றும் பெல்ட் இயந்திரத்தில் தேய்ப்பவர்கள் ஆணி சூடாவதைக் கவனிக்க வேண்டும். 60 டிகிரியைத் தாண்டினாலே சாதாரண எப்பாக்ஸி இளகத் தொடங்கும். ஆணியைச் சுற்றிப் பிடிப்பு விட்டுப்போகும். 120, 220, 400 எண் உப்புத்தாள்கள் வரிசையாக. இடையில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் சிலிர்த்து எழும் நார்களையும் தேய்த்துவிடலாம்.

கடைசியில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. எண்ணெய் தொட்ட துணியை மட்டும் கசக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது அந்த எண்ணெய் சூட்டை வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.